தொட்டியில் விழுந்த மாலை

தாழைத்துறையில், கடலுக்குப் போய்த் திரும்பும் படகுகளின் மோட்டார்களை நல்ல தண்ணீரால் கழுவித் தருவது தையல்நாயகி அம்மையாரின் தொழில். விடியலில் அடிபம்பில் பிடிக்கும் முதல் குடம் கரைக்கோயில் கடலாடுநாதருக்கு. அடுத்த குடம் மோட்டாருக்கு. இரண்டையும் அஞ்செழுத்தைச் சொல்லியே ஊற்றுவார்.

அவருடைய கணவர் கடலோடு போனவர். மோட்டாரின் கியர்ப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, நடுக்கடலில் மோட்டார் இறுகி நின்றது. பின்பு காற்று எழுந்தது. படகு மட்டும் கரை ஒதுங்கியது. அம்மையார் இறைவனை நொந்துகொள்ளவில்லை. மோட்டார் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்து, தண்ணீர் எங்கே புகும் என்று பார்க்கக் கற்றுக்கொண்டார்.

மாசிமகத்தன்று கடலாடுநாதர் படகேறிக் கடலில் தீர்த்தமாடுவார். அவ்வாண்டு சாமி ஏறவேண்டிய படகு அம்மையாரின் கொழுந்தன் கலியமூர்த்தியுடையது. காலையில் அதன் மோட்டாரைக் கழுவிய அம்மையார், வழக்கம்போல் கியர்ப் பெட்டியின் அடித் திருகைத் தளர்த்திப் பார்த்தார். தேன் நிறத்தில் வரவேண்டிய எண்ணெய் வெளுத்து வந்தது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது.

கலியமூர்த்தி சிரித்தார். "போன மாசம் வாங்குன மோட்டாரு, அண்ணி. சாமி ஏறப்போவுதுன்னு அதுவே பால் கறக்குது போல."

அம்மையார் மோட்டாரின் கீழ்ப்பகுதியைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, எண்ணெய்த் துளை வழியே சைக்கிள் பம்பால் காற்றடித்தார். ஓட்டை இருந்தால் குமிழி வரவேண்டும். வரவில்லை. மீண்டும் அடித்தார். வரவில்லை.

நாதஸ்வரம் நெருங்கி வந்தது. பல்லக்கு கரைக்கு வந்துவிட்டது. கடல் வற்றத் தொடங்கினால் படகு மணலில் தட்டிவிடும் என்று ஊர்த்தலைவர் பதறினார். கலியமூர்த்தியின் சிரிப்பு கோபமாயிற்று.

"ஒண்ணுமில்லல்ல? எடுத்து மாட்டுங்க. தாலி அறுத்த கையி சாமி படகுல பட்டதே தப்பு."

"உங்க அண்ணனும் ஒண்ணுமில்லன்னுதான் போனாரு, தம்பி. எண்ணெ வெளுத்திருக்கு. எங்கன்னுதான் எனக்குத் தெரியல. சாமி செத்த நேரம் காத்திருக்கட்டும்."

சாமியையே காக்க வைப்பதா என்று கூட்டம் முணுமுணுத்தது. சாமியோடு படகேற நின்ற ஊர்ப் பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மையார் தொட்டியருகே முழங்காலிட்டு, பம்பை ஒரு கையால் அழுத்தியபடி அஞ்செழுத்தைச் சொன்னார்.

பல்லக்கைத் தொட்டியருகே இறக்கும்போது முன்தண்டு சாய்ந்தது. நாதரின் மாலை அறுந்து தொட்டிக்குள் விழுந்தது. அபசகுனம் என்று யாரோ சொன்னார்கள். கலியமூர்த்தி பாய்ந்து தொட்டிக்குள் கைவிட்டார். அம்மையார் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். கண்ணை மட்டும் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

இதழ்கள் பரவி அசையாமல் கிடந்தன. தண்ணீரைத் தள்ளும் விசிறியின் அச்சுக்கு மேலே ஒரே ஓர் இதழ் நடுங்கியது. நின்றது. மறுபடியும் நடுங்கியது. அதன் அடியில் கடுகளவு குமிழி.

விசிறியைக் கழற்றினார். அச்சைச் சுற்றி நைலான் நூல் இறுகிக் கிடந்தது; அது தண்ணீரைத் தடுக்கும் சீல் என்ற ரப்பர் வளையத்தை அறுத்திருந்தது. கலியமூர்த்தி நூலை உருவி எடுத்தார். அவருடைய வலையின் நூல்தான். அம்மையார் புதுச் சீல் பொருத்தி, மறுபடியும் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்தார். ஓர் இதழும் அசையவில்லை. புது எண்ணெய் ஊற்றித் திருகை இறுக்கி, மோட்டாரில் மாட்டினார்.

"அண்ணன் மோட்டாருலயும் இதான் இருந்திருக்குமா, அண்ணி?"

"தெரியல, தம்பி."

குருக்கள் தொட்டியிலிருந்து மாலையை எடுத்தார். அதில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. வேறு மாலை கொண்டுவர ஓடியவரை நிறுத்தி, அறுந்த முனைகளை முடிந்து அதையே நாதருக்குச் சாத்தினார்.

"மாலைய அவர்தான் அனுப்பியிருக்கார். அந்தம்மா மொதல்ல ஏறட்டும்."

கலியமூர்த்தி தண்ணீரில் இறங்கித் தம் தோளைக் கொடுக்க, அதைப் பற்றி அம்மையார் படகேறினார். போகவும் வரவும் மோட்டாரின் மேல் கைவைத்தபடியே இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் கரை சேர்ந்தார்கள்.

இறைவனைக் காக்க வைத்து, அவன் அருகிலேயே இடம் பெற்ற தையல்நாயகி அம்மையாரின் ஈரக் கைகளை வணங்குவோம்.