ஓதிலம்மா போட்ட இலை

கோணக்குளத்துக்காரர்களை யார் குறை சொன்னாலும் நம்பாதீர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுசர்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே தொல்லையும் அதுதான்.

அந்த ஊர் வீரபாகு, கூட்டாளிகள் மாசானத்தையும் கொம்பையாவையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். அங்கே ஒரு கிராமத்தில் பண்ணை வேலை பார்க்கிற தங்கச்சி மகன் சேர்மராஜ் கூப்பிட்டிருந்தான். போன மறுநாளே பண்ணைக்குச் சொந்தக்காரியான பிரெஞ்சுக்கார ஓதிலம்மா மூவரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார்.

"மாமா, அந்தம்மா என் முதலாளி. மானத்தை வாங்கிராதீங்க. இங்க இலையைக் கத்தியால வெட்டக் கூடாது, மடிக்கணும்" என்று சொல்லி, வாசலில் விட்டுவிட்டு டிராக்டருக்கு ஓடினான் சேர்மராஜ்.

"இலை மடிக்க நமக்கே சொல்லித் தாரான் பாருங்கலே!" என்று சிரித்தார் வீரபாகு. காலையிலிருந்து வெறும் காபிதான். வயிறு கூப்பாடு போட்டது.

மேசையில் ஆளுக்கொரு தட்டு. தட்டில் எண்ணெய் மினுங்க, பச்சைப் பசேலென்று ஒரு கீரை இலை.

"அண்ணாச்சி, இலை போட்டுட்டாவ!" மாசானத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ரொம்பச் சின்ன இலையால்லா இருக்கு?" என்றான் கொம்பையா.

"குளிர் தேசம்லா. இம்புட்டுதான் வளரும்."

மூவரும் தம்ளர் தண்ணீரைத் தெளித்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக இலையைத் துடைத்து, சோற்றுக்குக் காத்திருந்தார்கள். ஓதிலம்மா ரொட்டியை மேசைத் துணிமேல் வைத்தார். இலை இருக்கும்போது துணியில் வைத்ததை எவன் தின்பான்?

ஓதிலம்மா தன் இலையை முள்கரண்டியால் மடித்தார். அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ, இலையைத் தின்னுட்டாவளே!"

"பாவம்லே, சோறு வாரதுக்குள்ள பசி தாங்கல போல."

"நாமளும் மடிப்பமா அண்ணாச்சி?"

"கூறுகெட்டவனே, மடிச்சா சாப்பாடு முடிஞ்சுதுன்னுல்லா அர்த்தம்! கோழி வாசனை வருது, பொறு."

இலை பிடிக்கவில்லை போலும் என்று ஓதிலம்மா தட்டை எடுக்க வந்தார். வீரபாகு இரண்டு கையாலும் இலையைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா தோளைக் குலுக்கிவிட்டு, கோழிக் குழம்பை இலைமேலேயே ஊற்றினார். மூவரும் எலும்பைக்கூட விடவில்லை.

தின்று முடித்ததும் வீரபாகுவுக்குப் பெரிய யோசனை வந்தது.

"எந்தப் பக்கமா மடிக்க?"

"அந்தப் பக்கம் மடிச்சா துட்டி வீடு, சாவுக்கு மடிக்க மாதிரி. நம்ம பக்கம் மடிங்க, உறவு நிலைக்கும்" என்றான் மாசானம்.

மூவரும் பயபக்தியோடு மடித்தார்கள். ஓதிலம்மா முகம் மலர்ந்துவிட்டது. விருந்தாளிகள் ஒருவழியாக இலையை மடித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டார்களே! உள்ளே ஓடி ஒரு பெரிய கிண்ணம் நிறைய இலை கொண்டுவந்து, மூன்று தட்டிலும் குவித்தார்.

சாயங்காலம் சேர்மராஜ் வந்து பார்த்தான். மேசைக்கு அந்தப் பக்கம் ஓதிலம்மா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் மூன்று பேரும் ஈர இலைகளுக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மாமா, இன்னுமா சாப்பிடுதீங்க?"

"மொதப் பந்தி பிரமாதம், மருமகனே. அந்தம்மாவுக்குத் தங்கமான மனசு, ரெண்டாம் பந்திக்கும் இலை போட்டிருக்காவ" என்ற வீரபாகு, வாடிவிடாமல் இருக்க இன்னொரு கை தண்ணீர் தெளித்தார். "ஊரையே கூப்பிட்டிருப்பாவ போல, இம்புட்டு இலை. ஆளுகதான் இன்னும் வந்து சேரல."