சாவிக்கொத்துக்கு ஒரு தீர்ப்பு

குமுதபுரியை ஆண்ட வீரகேசரி மகாராஜாவுக்கு எதிரிகளால் ஒரு தொல்லையும் இல்லை. வந்த தொல்லையெல்லாம் ஒரு கதையால்தான்.

கதையின் பெயர் ‘சாவிக்கொத்து’. எழுதியவள் செங்கமலம், அரண்மனைக் குதிரை வைத்தியரின் மனைவி. ஒரு பெரிய வீட்டில் சாவிக்கொத்து மாமியார் இடுப்பிலா, மருமகள் இடுப்பிலா என்பதுதான் விஷயம். பௌர்ணமிதோறும் ஒரு பாகம் ஏட்டில் எழுதி வெளியே விடுவாள். அன்றைக்கு ஊரில் பாதி அடுப்பில் சோறு தீய்ந்துபோகும்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் வீட்டில் நடப்பதை அப்படியே எழுதிவிட்டாள் என்று ஒரு பாதி கொண்டாடியது. பக்கத்துக்குப் பக்கம் ஒப்பாரி, இதெல்லாம் ஒரு கதையா என்று மறுபாதி கரித்துக் கொட்டியது. அந்தப்புரமும் தப்பவில்லை. மகாராணிக்குக் கதையில் வரும் மருமகள் மரகதவல்லி தெய்வம். ராஜமாதாவுக்கோ அந்த மாமியார் பாத்திரம் தன்னைப் பார்த்து எழுதியது என்று சந்தேகம். மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பேரும் தனித்தனியாகச் சமைத்து அனுப்பினார்கள். மகாராஜா இரண்டு இடத்திலும் முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் குறைத்தால் அது கட்சி மாறுவதாகிவிடும்.

இந்தச் சமயம் பார்த்து ஆஸ்தான புலவர் தாண்டவமூர்த்தி எழுந்தார். அவருடைய காவியத்தை அவையில் பாடினால் காவல்காரன்கூடத் தூங்கிவிடுவான். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு.

“மகாராஜா, அடுப்படிப் புலம்பல் இலக்கியம் ஆகாது. என் விரல்கூட அந்த ஏட்டில் பட்டதில்லை. கௌரவமானவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. ஏடுகளைக் கொளுத்திவிட்டு அந்தப் பெண்ணை எல்லைக்கு அப்பால் அனுப்பினால் நாடு நிம்மதியாகும்.”

அவையில் இருந்த கௌரவமானவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். மகாராஜா, சொக்கநம்பி பக்கம் திரும்பினார். அவையின் சாதுர்யக்காரன் அவன்தான்.

“சொக்கநம்பி, நாளைக் காலை இந்தக் கதைக்கு ஒரு தீர்ப்புச் சொல். என் தாயாரும் ஒப்புக்கொள்ள வேண்டும், மகாராணியும் ஒப்புக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் புலவர் சொன்னதுதான் நடக்கும்.”

மாமியாரும் மருமகளும் ஒப்புக்கொள்ளும் வாக்கியம் எந்த மொழியில் இருக்கிறது? சாயங்காலம் சொக்கநம்பி நேரே செங்கமலத்தின் வீட்டுக்குப் போனான். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். செய்தி அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. வைத்தியர் கொட்டிலில் குதிரைகளிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

“ஏடு ஒரு பிரதி கிடைக்குமா, அம்மா?” என்றான்.

“ஊரிலேயே ஒன்றுகூடச் சும்மா இல்லை, ஐயா. புகழ்கிறவர்கள் ஒருமுறை வாங்கிப் போகிறார்கள். திட்டுகிறவர்கள் இரண்டாம் முறையும் வந்து வாங்கிப் போகிறார்கள்.”

சொக்கநம்பி சாக்கை அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மறுநாள் அவை நிரம்பி வழிந்தது. திரைக்குப் பின்னால் ராஜமாதா ஒரு கோடியில், மகாராணி மறு கோடியில். செங்கமலம் தூண் ஓரமாக நின்றாள்.

சொக்கநம்பி தொண்டையைச் செருமினான். கௌரவமானவர்கள் யாரும் படித்ததில்லை என்பதால் முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட அனுமதி கேட்டுக்கொண்டான்.

“மரகதவல்லி என்றொரு மருமகள். மாமியாரின் சாவிக்கொத்தைத் திருடிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு ஓடிவிடுகிறாள்.”

“திருடவில்லை,” என்றது திரைக்குப் பின்னிருந்து மகாராணியின் குரல். “மாமியார்தான் அதை அவள் முகத்தில் விட்டெறிந்தாள்.”

“எறியவில்லை,” என்றது ராஜமாதாவின் குரல். “கை தவறி விழுந்தது.”

சொக்கநம்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடர்ந்தான். “போருக்குப் போன புருஷன் திரும்பி வந்து...”

சேனாதிபதி மெல்ல இருமினார். “அவன் போருக்குப் போகவில்லை. உப்பு வியாபாரத்துக்குப் போனான்.”

“அப்படியா? சரி, கடைசியில் நாத்தனார்க்காரி கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். தொல்லை விட்டது என்று மரகதவல்லி...”

இலக்கணக்கடல் தாண்டவமூர்த்தியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“யாரய்யா செத்தது? அவள் விழவே இல்லை. விழப்போன நேரத்தில் மரகதவல்லி ஓடிவந்து கூந்தலைப் பிடித்து இழுக்கிறாள். அத்தனை கொடுமை செய்தவளை, ‘நீயும் என் கூடப்பிறந்தவள்தானே’ என்று...”

புலவரின் குரல் உடைந்தது. மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைத்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. அவை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அமைதியில் சிம்மாசனத்திலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

“கூந்தலை இல்லை. முந்தானையை.”

யாரும் சிம்மாசனத்தின் பக்கம் தலை திருப்பவில்லை. சொக்கநம்பி மட்டும் கும்பிட்டான்.

“கதை எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் இனி தீர்ப்பு, மகாராஜா. ஒரே வரிதான். இப்படியும் ஒரு கதையா!”

ராஜமாதா முகவாயில் இடித்துக்கொண்டாள். “அதைத்தானே நானும் சொல்கிறேன். இப்படியும் ஒரு கதையா.”

மகாராணி நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சுவிட்டாள். “அதேதான். இப்படியும் ஒரு கதையா...”

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள். மகாராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, சிம்மாசனமே குலுங்கியது. ஏடுகளைக் கொளுத்தும் பேச்சை அதோடு விட்டார்கள். செங்கமலத்துக்குப் பட்டும் பொன்னும் கிடைத்தன. அதை வாங்கிக்கொண்டு, வாசல்வரை அழுதுகொண்டே போனாள். அடுத்த பாகத்தைப் பத்துப் பிரதி நகலெடுத்துத் தர வேண்டும் என்று புலவருக்குத் தண்டனை. அவர் மறுப்பே சொல்லவில்லை. ஏடு எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

அவை கலைந்ததும் மகாராஜா சொக்கநம்பியை அருகில் அழைத்துத் தன் கழுத்து முத்துமாலையை அணிவித்தார்.

“அவர்கள் சொன்னது இருக்கட்டும். உண்மையைச் சொல். கதை உனக்குப் பிடித்ததா, இல்லையா?”

சொக்கநம்பி மாலையைச் சரிசெய்துகொண்டான்.

“படித்துவிட்டுச் சொல்கிறேன், மகாராஜா.”