பூட்டுக்குப் போட்ட பதக்கம்

கொன்றைமலை ராஜா வீரகேதுவுக்குத் தான் கட்டிய வைத்தியசாலை என்றால் உயிர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். சலவைக்கல் தரை, தேக்குக் கட்டில்கள், மருந்து இடிக்க வெள்ளி உரல்! பக்கத்து நாடான ஓலைப்பாடியில் இருந்ததோ ஒழுகுகிற கூரையும் இரண்டே வைத்தியர்களும்தான்.

அந்த வருஷம் இரண்டு நாட்டிலும் கொள்ளைக் காய்ச்சல் புகுந்தது. ஓலைப்பாடியில் சீக்கிரமே அடங்கிவிட்டது. கொன்றைமலையில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி.

சபையைச் சிரிக்கவைக்கும் அழகண்ணனுக்கு அன்று சிரிப்பே வரவில்லை. அவன் தங்கை செங்கமலம் வைத்தியசாலைக்கு வெளியே, புங்கமரத்தடியில், காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தாள். கதவைத் தட்டித் தட்டி அவன் கை வீங்கியதுதான் மிச்சம். ராஜாவிடம் சொல்லலாம் என்றால், வைத்தியசாலையைக் குறை சொல்பவன் நாக்கை அறுப்பேன் என்று அவர் ஏற்கெனவே பறையறைந்திருந்தார்.

சபையில் தலைமை வைத்தியர் சஞ்சீவி பண்டிதர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"மகாராஜா! ஓலைப்பாடி வைத்தியசாலைக்குள் பன்னிரண்டு பேர் செத்திருக்கிறார்கள். நம் வைத்தியசாலைக்குள் ஒருவர்கூட இல்லை!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. பொன்பதக்கம் ஒன்றை அழகண்ணனிடம் நீட்டினார்.

"நம் வைத்தியசாலைக்குள் ஒரு சாவுகூட விழாமல் காத்தது யாரோ, அவருக்கு இதை உன் கையாலேயே மாட்டு."

பண்டிதர் கழுத்தை நீட்டினார். அழகண்ணன் அவரைத் தாண்டி விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தான்.

"அடேய், எங்கே போகிறாய்?"

"மாட்டத்தான் போகிறேன், மகாராஜா. அவர் இருந்த இடத்தைவிட்டு நகராதவர். நாம்தான் அவரைத் தேடிப் போகவேண்டும்."

யாரடா அந்த மகான் என்று ராஜா பின்னாலேயே போனார். மொத்தச் சபையும் போனது. புங்கமரத்தடியில் ஈ மொய்க்கக் கிடந்தவர்களைப் பார்த்ததும் ராஜாவின் நடை தளர்ந்தது. அழகண்ணன் நேரே வைத்தியசாலைக் கதவுக்குப் போனான். அதில் தொங்கிய பெரிய பூட்டில் பதக்கத்தை மாட்டிவிட்டுக் கைகூப்பினான்.

"என்னடா கூத்து இது?"

"இவர்தான் காத்தவர், மகாராஜா. ஒரு நோயாளியையும் உள்ளே விடவில்லை. அப்புறம் உள்ளே யார் சாவது? பாவம், ஓலைப்பாடிக்காரர்களுக்கு இப்படி ஒருவர் வாய்க்கவில்லை. வந்தவர்களையெல்லாம் உள்ளே படுக்கவைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். பன்னிரண்டு பேர் போக, மிச்சப் பேரெல்லாம் பிழைத்துத் தொலைத்துவிட்டார்கள்."

ராஜா பண்டிதர் பக்கம் திரும்பினார்.

"நோயாளிகள் வந்தால் தரை அழுக்காகிவிடும், மகாராஜா..." பண்டிதருக்கு நாக்குக் குழறியது. "வைத்தியசாலைக்கும் கெட்ட பெயர்..."

ராஜாவின் முகம் கறுத்தது. பிறகு வெடித்துச் சிரித்தார். அதில் பாதி வெட்கம்.

"உன் நாக்கை அறுப்பேன் என்றேன். நீ என் மூக்கை அறுத்துவிட்டாய்! என்ன பரிசு வேண்டும், கேள்."

அழகண்ணன் அதற்குள் தங்கையைத் தூக்கித் தோளில் சாய்த்திருந்தான். பண்டிதரின் இடுப்பைக் காட்டினான்.

"அந்தச் சாவி, மகாராஜா."