கொன்றையூர்ப் புகை

வாருங்கள் ஐயா, வாருங்கள் அம்மா. பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து கிட்டே உட்காருங்கள். கத்திப் பேச இன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில் கொன்றையூர் என்று ஓர் ஊர் இருந்தது. அறுபது வீடு. நல்ல ஜனங்கள். திருட மாட்டார்கள், அளவில் ஏமாற்ற மாட்டார்கள், கொடுத்த வாக்கை மீற மாட்டார்கள். ஒரே ஒரு பொய்யை மட்டும் ஊர் முழுக்கச் சொல்வார்கள். "சாப்பிட்டாச்சா?" என்று யார் கேட்டாலும், வயிறு ஒட்டிக் கிடந்தாலும், "ஓ, ஆச்சே!" என்பார்கள்.

சிரிக்காதீர்கள். நீங்கள் சொல்லாததா?

மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் மழை இல்லை. நெல் கொட்டி வைக்கும் குதிர்கள் காலியாயின. அப்போது அந்தப் பொய் இன்னும் வளர்ந்தது. அரிசியே இல்லாத வீட்டிலும் உச்சிவேளையில் அடுப்பை மூட்டி வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். கூரைமேல் புகை தெரிந்தால் இங்கே சமையல் நடக்கிறது என்று பக்கத்து வீட்டார் நினைப்பார்கள் அல்லவா, அதற்குத்தான். அறுபது வீட்டிலும் இதே கூத்து. ஒவ்வொரு வீடும் தான் மட்டுமே பட்டினி என்று எண்ணி வெட்கப்பட்டது. கொடுமையைப் பாருங்கள்!

அந்த நாட்டு ராஜா மிஞ்சிய நெல்லை முப்பது வண்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எல்லா ஊருக்கும் கொடுக்க அது காணாது. அதனால் அடுப்பு எரியாத வீடுகளுக்கு மட்டும் நெல் என்று வைத்துக்கொண்டார். அவசரப்பட்டுத் தப்பு செய்யக் கூடாதே என்று, கொன்றையூர்க் குன்றில் ஏறி மூன்று நாள் பார்த்தார். முதல் நாள் அறுபது வீட்டிலும் புகை. இரண்டாம் நாளும் அறுபது வீட்டிலும் புகை. மூன்றாம் நாள் ஐம்பத்தொன்பது.

புகையாத வீடு பூவாயியுடையது. கோரைப்பாய் பின்னிப் பிழைப்பவள். தாயில்லாத அவள் தங்கை அங்கேதான் பிள்ளை பெற்று ஆறு நாளாகப் படுத்திருந்தாள். பச்சை உடம்புக்காரிக்குக் கஞ்சி இல்லை, அதனால் பாலும் இல்லை. அழுது அழுது ஓய்ந்த குழந்தை அழக்கூட முடியாமல் கிடந்தது. சுள்ளி பொறுக்கப் போன பூவாயி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். யாருக்கு இந்தப் புகை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வெறுங்கையோடு திரும்பினாள்.

"என்ன பூவாயி, அடுப்பு மூட்டலையா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செங்கமலம் கேட்டாள்.

"மூட்டி என்னக்கா பண்றது? பானையில போட ஒண்ணுமில்லை."

"அடியே, மெதுவாப் பேசு! யார் காதுலயாவது விழப்போகுது!"

விழுந்துவிட்டது. குன்றிலிருந்து இறங்கி வந்த ராஜா வாசலில் நின்றார். பூவாயி மறைக்கவில்லை. நான்கு நாளாகப் பட்டினி என்றாள், குழந்தையைக் காட்டினாள்.

ராஜா மற்ற வீடுகளிலும் விசாரித்தார். "ஆச்சு மகாராஜா" என்றாள் செங்கமலம். "வயிறு முட்ட ஆச்சு மகாராஜா" என்றார் கொல்லர். "இப்பத்தான் கை கழுவினேன் மகாராஜா" என்றார் நாட்டாமை மாசிலாமணி.

"நல்லது. இந்த அம்மாவுக்கு ஒரு மூட்டை இறக்குங்கள். வண்டிகள் அடுத்த ஊருக்குப் போகட்டும்" என்றார் ராஜா.

பூவாயி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தங்கை பிழைப்பாள், குழந்தை பிழைக்கும். ஆனால் செங்கமலத்தின் ஒட்டிய கன்னம் கண்ணில் பட்டதே, சுற்றி நின்றவர்கள் கன்னமெல்லாம் அப்படியேதானே இருந்தது! நேற்றுவரை தன் வீட்டில் எழுந்ததும் வெந்நீர்ப் புகைதானே, என்ன செய்வாள்!

"போகாதீங்க மகாராஜா! இவங்க எல்லாருமே பட்டினி!"

"எங்க மானத்தை வாங்காதே!" என்று நாட்டாமை பாய்ந்தார். ஊரே அவளை ஏசியது.

ராஜாவின் முகம் மாறியது. "அம்மா, நீ சொல்வது பொய்யானால் இந்த மூட்டையும் திரும்பிப் போகும்."

பூவாயி குழந்தையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்: "கேக்குற விதத்தை மாத்துங்க மகாராஜா. சாப்பிட்டாச்சான்னு கேக்காதீங்க. எனக்குப் பசிக்குது, ஒரு கவளம் போடுங்கன்னு கேளுங்க. பசின்னு வந்தவங்களை வெறுமனே அனுப்ப இந்த ஊர்ல யாருக்கும் மனசு வராது."

ராஜா அப்படியே கேட்டார். செங்கமலம் திகைத்து நின்று, பானையைத் திறந்தாள். வெந்நீர். கொல்லர் திறந்தார். வெந்நீரில் நாலு புளியங்கொழுந்து. நாட்டாமை வீட்டை நெருங்கும்போதே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த வாசனை மூக்கைத் துளைத்தது. பூவாயிக்கு உயிரே போயிற்று. மூடியைத் திறந்தால் அங்கேயும் வெந்நீர்தான்! தெருவுக்கு வாசனை போகட்டும் என்று கடைசிச் சொட்டு எண்ணெயில் வெந்நீரைத் தாளித்து வைத்திருக்கிறார் மனிதர்!

நாட்டாமை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "எங்க வீட்ல மட்டுந்தான் இப்படின்னு நெனச்சேன் மகாராஜா."

"உங்க வீட்லயுமா?" என்றார் கொல்லர். "அப்போ உங்க வீட்லயும்?" என்றாள் செங்கமலம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

பத்து வண்டி நெல் அங்கேயே இறங்கியது. அன்றைக்கு எழுந்தது சோற்றுப் புகை. தங்கை கஞ்சி குடித்தாள். மறுநாள் அந்தக் குழந்தை தெருமுனை வரை கேட்கும்படி வீறிட்டு அழுதது. ஊரே வேலையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டது.

அதன்பிறகு கொன்றையூரில் யாராவது "சாப்பிட்டாச்சா?" என்றால், சாப்பிடாதவர் "இல்லை" என்பார். கேட்டவர் இலை போடுவார்.

இதோ, முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்த அம்மா, நான் உங்கள் ஊருக்குள் நுழைந்ததுமே "சாப்பிட்டாச்சா?" என்று அன்பாகக் கேட்டார். "ஓ, ஆச்சே!" என்றேன். பொய் அம்மா. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

தன் பசியைப் பொய் சொல்லி மறைக்கிறவர் அடுத்த வீட்டுப் பசியையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார், ஆகையால் அன்பாகக் கேட்பவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.