காக்கைக்கு வைத்த பீடி

“எனக்கு எப்பத்தான் காவி குடுப்பீங்க, தாயி?” என்று ஆவுடையப்பன் கேட்டார்.

தாயி ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“காவி எதுக்கு? குளிருதா?”

ஆவுடையப்பன் ஐம்பதைத் தாண்டியவர். அவளுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது.

தாமிரபரணிக் கரையில் ஒரு பாழ்மண்டபம். அதில் அவள் இருந்தாள். யார் வந்தாலும் கஞ்சி ஊற்றுவாள். கேட்டால் பதில் சொல்வாள். சில நாள் கேட்டாலும் சொல்ல மாட்டாள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிய ஆவுடையப்பன், எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார். அவரை அவள் ‘பெரியவரே’ என்றுதான் கூப்பிடுவாள். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

“துணிகூடத் தயாரா வச்சிருக்கேன்” என்றார்.

உண்மைதான். ஜவுளிக்கடையில் துணி கிழித்த கை அது. நல்ல பருத்தியாகப் பார்த்து வாங்கி, ஓரம் தைத்து, காவிக்கல் கரைத்து முக்கி, காயவைத்து மடித்திருந்தார். மடிப்புக் கலையாமல் இருக்கிறதா என்று தினமும் எடுத்துப் பார்ப்பார்.

“காவி கட்டணும்னா முதல்ல சாகணும், பெரியவரே. தனக்குத் தானே பிண்டம் போட்டுக்கிடணும். நீர் செத்தாச்சா?”

“வீட்டை விட்டு வந்த அன்னைக்கே செத்துட்டேன்.”

“வீட்டுல சொன்னீரா?”

“சொல்லிட்டா சாவாங்க, தாயி?”

தாயி சிரித்துவிட்டாள். துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள்.

“நாளைக்கு மகாளய அமாவாசை” என்றார் அவர், பின்னாலேயே வந்து. “எனக்கு நானே பிண்டம் போட அதைவிட நல்ல நாள் எது? எள்ளு, தர்ப்பை, பச்சரிசி எல்லாம் வாங்கிட்டேன்.”

தட்டைக் காட்டினார். தாயி எள்ளை மட்டும் அள்ளினாள். ஆற்றில் வீசினாள்.

“தாயி!”

“மீன் தின்னட்டும். கடையில வாங்கின எள்ளுக்கு உம்மைத் தெரியுமா?”

அவர் எள் இல்லாத தட்டைக் கீழே வைத்தார்.

“இந்தப் பதினைஞ்சு நாளா செத்தவங்க எல்லாம் அவங்கவங்க வீட்டு வாசல்ல வந்து நிக்காங்க. நாளைக்கு வயிறு நெறஞ்சு திரும்பிப் போவாங்க. மறுநாள் கொலுவுல பொம்மைங்க வந்து உக்காந்துக்கிடும். நடுவுல உமக்கு எங்க வே எடம்?”

“நான் என்ன செய்யணும்?”

“செத்தவங்க செய்யறதைச் செய்யும். உம்ம வீட்டு வாசல்ல போய் நில்லும். ஒரு பிடி எள்ளு பிச்சை வாங்கிட்டு வாரும். நீராப் போய் யாருன்னு சொல்லக் கூடாது.”

“அவங்க கேட்டா?”

“பொய் சொல்லக் கூடாது.”

“அப்புறம் காவி தருவீங்களா?”

“எள்ளு வரட்டும்.”

✦

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அன்று காய்ந்தது.

பேருந்து பாலத்தைக் கடக்கும்போது படித்துறை முழுக்கத் தலைகள் தெரிந்தன. எல்லோரும் இடுப்பளவு நீரில் நின்று, விரலிடுக்கு வழியே யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையப்பன் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். மனைவி உலகம்மை அழுவாள். காலைப் பிடிப்பாள். தான் கல்லாக நிற்க வேண்டும். கண் மட்டும் கலங்கக் கூடாது.

தெருவில் வாழைக்காய் வதங்கும் வாசனை. வீட்டுக்கு வீடு, சுவர்மேல் இலை. வீட்டுக்கு வீடு, கா... கா... என்று கூவும் குரல். தெருவே காக்கைகளின் முன்னால் கைகட்டி நின்றது.

அவர் வீட்டுக்கு நீலம் பூசியிருந்தார்கள். கம்பிக்கதவு மட்டும் பழையது. தொட்டதும் பழைய குரலில் முனகியது.

வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்தில் கொலுப்படி கட்டியாகிவிட்டது. பக்கத்தில் பொம்மைப் பெட்டி, சிதறிய வைக்கோல், பாதி பிரித்த செட்டியாரும் செட்டிச்சியும். அதற்கு மேலே, சுவரில், ஒரு படம்.

படத்துக்குச் சந்தனப் பொட்டு. செவ்வந்தி மாலை. கீழே விளக்கு.

அவருடைய படம்.

யாரோ முதுகில் அடித்ததுபோல் ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. வெயில்தான் இருந்தது.

செத்துவிட்டேன், செத்துவிட்டேன் என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அதை நம்பியிருப்பார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

“கா... கா...”

பக்கச் சுவரருகே தாவணி வயதைத் தாண்டிய ஒரு பெண் நின்றாள். லோசனி. அவர் வீட்டை விட்டு வந்தபோது பள்ளிக்கூடப் பை தூக்கிக்கொண்டிருந்த மகள். குரல் கம்மும்வரை கூவியிருந்தாள்.

“கொஞ்சம் நில்லுங்க சாமி” என்றாள் அவரைப் பார்த்து. நெஞ்சுவரை தொங்கிய தாடியையும் அழுக்கு வேட்டியையும் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. “காக்கா எடுத்தாத்தான் மத்தவங்களுக்குக் குடுப்போம். இன்னைக்கு எங்க அப்பாவுக்குப் படையல். மத்த வீட்டுல எல்லாம் கொத்திட்டுப் போவுது, எங்க வீட்டுக்கு மட்டும் வர மாட்டேங்குது. அப்பாவுக்குக் கோவம்போல.”

“கோவமா?” அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“பின்ன? யார்ட்டயும் சொல்லாமப் போனாவ. ரயில்ல அடிபட்டு ரெண்டு நாள் கெடந்தாவளாம். மூஞ்சிகூடத் தெரியலயாம். அம்மாதான் போய் அடையாளம் சொல்லிச்சு.”

ஆவுடையப்பன் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

நேற்றிரவு அவர் கஞ்சி குடித்தார். இன்று காலை பல் துலக்கினார். ஆனால் இந்தப் பெண் சொல்வதில் ஒரு சொல்லும் தடுமாறவில்லை.

சுவர்மேல் இருந்த இலையைப் பார்த்தார். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, எள்ளுருண்டை. ஓரத்தில் ஒரு குவியல் காராச்சேவு. அதன் பக்கத்தில், நூல் பிரிக்காத ஒரு கட்டுப் பீடி.

செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது வழக்கம். அவர் பீடியைத் தொட்டதில்லை. கடையில் எவனாவது பற்றவைத்தால், அங்கேயே சாம்பிராணி போடச் சொல்வார்.

“உங்க அப்பா பீடி குடிப்பாவளா?”

“நான் பார்த்ததே இல்ல சாமி. அம்மாதான் வருஷா வருஷம் வைக்கும். கேட்டா, அவருக்குப் பிடிக்கும், உனக்குத் தெரியாதுட்டின்னு சொல்லும். காராச்சேவும் அப்படித்தான். அப்பாவுக்குப் பல்லு கூசும், முறுக்கக்கூட ஊற வச்சுத்தான் திம்பாவ.” அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “பாவம்.”

பிறகு மரியாதைக்குக் கேட்பதுபோல் கேட்டாள்.

“சாமிக்கு எந்த ஊரு? பேரு என்ன?”

கேட்டால் பொய் சொல்லக் கூடாது.

பெயர் தொண்டைவரை வந்தது. வாய் திறந்தது.

“சாமிமாருக்குப் பேரு கெடையாதுட்டி.”

வாசற்படியில் உலகம்மை நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“போ. அடுப்புல பாயசம் இருக்கு, எடுத்துட்டு வந்து இலையில ஊத்து. அதுக்காவது வரட்டும்.”

லோசனி உள்ளே போனாள்.

உலகம்மை மறுபடியும் அவர் கால்களைப் பார்த்தாள். ஆளை அடையாளம் காண அவளுக்கு அது போதும். அழவில்லை. அசையவும் இல்லை.

“என்ன வேணும்?”

“ஒரு பிடி எள்ளு.”

“எதுக்கு?”

“எனக்கு நானே பிண்டம் போட.”

அவள் தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். மழை வருமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

“உலகு... அந்தப் படம்...”

“போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து வரச் சொன்னாவ. போனேன். துணிய விலக்குனதும் தெரிஞ்சுட்டு, நீங்க இல்லைன்னு. பாதம் அவருக்குச் சின்னது.” அவள் தாழ்ந்த குரலில், பால்காரரிடம் பேசுவதுபோலப் பேசினாள். “இல்லைன்னு சொல்ல வாயத் தொறந்தேன். யாரும் வராட்டி அனாதைப் பொணமாப் பொதச்சிருவோம்னான் ஒருத்தன். நீங்களும் எங்கயோ ஒரு எடத்துல இப்படித்தானே கெடப்பீங்கன்னு நெனச்சேன். அங்க எவளாவது ஒருத்தி, ‘ஆமா, எம் புருஷன்தான்’னு உங்களுக்காகச் சொல்லட்டும்னு, இங்க நான் இவரச் சொல்லிட்டேன்.”

காற்று இல்லை. எதிர்வீட்டில் யாரோ விடாமல் கூவிக்கொண்டிருந்தார்கள்.

“சட்டைப் பையில ஒரு கட்டு பீடியும் காராச்சேவுப் பொட்டலமும் இருந்துச்சு. அவரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். வேற என்ன வைக்கன்னு தெரியல.”

ஆவுடையப்பன் ஏதோ சொல்லப் பார்த்தார்.

“உங்க பேரு சும்மாத்தானே கெடந்துச்சு. அவருக்குக் குடுத்துட்டேன். இப்ப வந்து கேக்காதீங்க.” மகள் போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அவ அழுது முடிச்சுட்டா. அவள இன்னொரு தடவ அழ வச்சுறாதீங்க.”

உள்ளே போனாள். எள் நிறைந்த கையோடு வந்தாள். அவர் கை நீட்டினார். விரல் படாமல் கொட்டினாள்.

“அப்பா வந்துட்டாவ!”

பாயசக் கிண்ணத்தோடு சுவரருகே வந்த லோசனியின் கூச்சல்.

தெரிந்துவிட்டது. மகளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அவள் பக்கம் திரும்பினார். கைகள் தாமாகவே முன்னால் போயின.

அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

இலையில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. சோற்றை விட்டது. வடையை விட்டது. காராச்சேவில் அலகை வைத்தது.

“அம்மா, பாரும்மா! நீ சொன்னது சரிதான்!”

உலகம்மை கம்பிக்கதவை மெல்லச் சாத்தினாள்.

“போங்க” என்றாள், சத்தம் வராமல். “அவரு சாப்பிட வந்திருக்காரு. வேத்து ஆள் நின்னா பறந்துரும்.”

✦

பொழுது சாயும்போது ஆவுடையப்பன் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்.

தாயி படித்துறையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவருடைய காவித்துணி, மடிப்புக் கலையாமல்.

“எள்ளு?”

அவர் கையை விரித்தார். வழியெல்லாம் திறக்காத கை. எள் வியர்வையில் நனைந்து ரேகைகளில் ஒட்டியிருந்தது.

“பேரைக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“பொய் சொன்னீரா?”

“உண்மை சொல்ல விடல.”

தாயி அவர் முகத்தைப் பார்த்தாள். பெரியவரே என்று கூப்பிடவில்லை.

“இறங்கும்.”

அவர் இறங்கினார். மேல்நீரில் பகல் வெயிலின் சூடு. காலடியில், மலையில் எங்கோ பெய்த மழையின் குளிர்.

“பேரைச் சொல்லி விடும்.”

ஆவுடையப்பன் இரு கையாலும் நீரை அள்ளினார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நீர் விரல்வழியே ஒழுகிப் போனது.

மறுபடி அள்ளினார்.

“ஆவுடையப்பன்” என்றார்.

எள் மிதந்து போயிற்று.

“ஆவுடையப்பன்.”

மூன்றாவது முறை குரல் உடைந்தது. யாரோ மிகவும் வேண்டியவர் போய்விட்டதுபோல, நீருக்குள் நின்றபடியே அவர் வாய்விட்டு அழுதார். தாயி தடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கரையேறினார். காவித்துணியைத் தாண்டி நடந்தார்.

“யாரு வே அது, ஆவுடையப்பன்?” என்று பின்னாலிருந்து தாயி கேட்டாள்.

அவர் நின்றார்.

“தெரியாது, தாயி. பீடி குடிப்பாரு. காராச்சேவு பிடிக்கும்.”