குளவி தண்ணீர் குடித்த கதை

“மேஸ்திரி, ஒழுகுது.”

தவசிக்கனி அண்ணாச்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குள் வந்து நின்று சொன்னார்.

செலஸ்தீன் நிமிரவில்லை. ஒரு படகின் அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“எது?”

“குளவி. பலகைக்குப் பலகை பீறிட்டு அடிக்குது.”

“எவ்வளவு நேரம் தண்ணியில கெடந்துது?”

“பத்து நிமிஷம். பதறிப்போய்க் கரையேத்திட்டேன்.”

“அப்ப அது ஒழுகலை. உங்களுக்குத்தான் பதறுது.”

அண்ணாச்சிக்கு அறுபத்திரண்டு வயது. நாலு உப்பளம், ஊரில் நல்ல மரியாதை. செலஸ்தீனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. உப்பங்கழி ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, உடைந்த படகுகளைச் செப்பனிடுகிறவள். ஆனாலும் போன வருஷம் அண்ணாச்சியே அவளைத் தேடி வந்தார்.

“நான் உனக்குச் சிஷ்யனா இருக்கேன் மேஸ்திரி. படகுன்னா என்னன்னு சொல்லிக்கொடு.”

“இருங்க. உளியை மட்டும் தொடாதிய.”

சேர்த்துக்கொண்டது அவ்வளவுதான்.

அண்ணாச்சிக்கு ஒரு கிறுக்கு. பழைய வேகப் படகு எங்கே கிடந்தாலும் மோப்பம் பிடித்துப் போய்த் தூக்கிவந்துவிடுவார். பந்தயம் ஓடின படகு ஒரு ரகம். கயிறு கட்டி ஆளை இழுத்துப் போகிற படகு இன்னொரு ரகம். அந்த ஆள் காலில் பலகையை மாட்டிக்கொண்டு தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டே பின்னால் வருவான். எல்லாம் பெரிய வீட்டுக்காரர்கள் ஓட்டித் தீர்த்துவிட்டு மறந்துபோனவை. ஒன்று கோழிக்கூடாக இருந்தது. ஒன்றில் ஒரு ரிட்டையர்டு தாசில்தார் மண்ணைக் கொட்டிப் புதினா வளர்த்தார்.

அப்படிச் சேர்த்தது பதினோரு படகு. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியைக் காலிபண்ணி, கட்டைமேல் வரிசையாக நிறுத்தி, ஈரக்காற்று படக்கூடாது என்று நாலு ஃபேன் ஓடவிட்டிருந்தார். தினம் துடைப்பார். வார்னிஷில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

பன்னிரண்டாவதுதான் குளவி.

பதினாலு வருஷம் தேடின படகு. மலைமேல் அணைத் தண்ணீரில் அதை முந்த ஆளில்லை என்பார்கள். கடைசியில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில், உரமூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரர் மாசிலாமணி துரை. எண்பத்தாறு வயது. அந்தக் காலத்தில் அதை ஓட்டினவரே அவர்தான்.

விலைக்குத் தரமாட்டேன் என்றார் துரை.

“ஞாயித்துக்கிழமை உங்க ஊர்ல எம்மக வீட்டுக்கு வரணும். அன்னிக்குத் தண்ணியில விட்டுக் காட்டு. ஓடுச்சுன்னா உனக்கு. ஓடலேன்னா திருப்பிக் கொண்டாந்துரு. பழையபடி உரத்துக்கு அடியிலயே கெடக்கட்டும்.”

அண்ணாச்சி ஒழுகுது என்று வந்து நின்றது திங்கட்கிழமை.

“ரெண்டு டப்பா கலந்து பூசுற பசை இருக்குல்லா? அதை எல்லா இடுக்குலயும் திணிச்சுக் கொடு மேஸ்திரி. பாறையா இறுகிரும்.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“உங்க கிட்டங்கியைப் பாக்கணும். வாங்க.”

கிட்டங்கியில் அவள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். பத்துப் படகு பளபளவென்று நின்றன. ஒன்றுமட்டும் கழுத்துவரை தார்ப்பாய்.

“இது யாரு, போத்திப் படுத்திருக்கது?”

“அதுக்குக் காய்ச்சல்” என்றார் அண்ணாச்சி. சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

செலஸ்தீன் பாயை உருவினாள். உள்ளே பலகைகளைத் தாங்கும் விலாக்கட்டை மூன்று, குறுக்கே வெடித்திருந்தது.

“எப்படி ஆச்சு?”

“வாங்கும்போதே அப்படித்தான்.”

அவள் குனிந்து வெடிப்புக்குள் பார்த்தாள்.

“பழைய வெடிப்புன்னா உள்ள தூசி ஏறிக் கருத்திருக்கும். இது நேத்து அறுத்த மாதிரி செவப்பா இருக்கே.”

அண்ணாச்சி ஃபேனைப் பார்த்தார்.

“பசை போட்டியளா?”

“போட்டேன்.”

“தண்ணியில விட்டியளா?”

“விட்டேன். சத்தியமா ஒரு சொட்டு ஒழுகலை மேஸ்திரி. எனக்குப் பெருமை தாங்கலை. ராத்திரி தண்ணியிலயே விட்டேன். மறுநாள் காலைல வந்து பாத்தா, வேட்டு வச்ச மாதிரி கெடக்கு.”

“யார்ட்டயும் சொல்லலையோ?”

“சிரிப்பாங்கல்லா.”

செலஸ்தீன் சிரிக்கவில்லை. பாயை மறுபடி இழுத்துப் போர்த்தினாள், ஒரு பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி.

“ஒழுகவே இல்லையே, பிறகு ஏன் வெடிச்சுது?”

“வீட்டுல கொண்டைக்கடலை இருக்கா?”

“இருக்கும்.”

“ஒரு கண்ணாடி பாட்டில்ல கழுத்து வரைக்கும் நெறைங்க. தண்ணி ஊத்துங்க. மூடியை நல்லா இறுக்கித் திருகுங்க.”

“பிறகு?”

“தூங்குங்க.”

செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தார். உள்ளே கண்ணாடிச் சில்லு.

“வீட்டுல ஒரே ஏச்சு. பாட்டிலும் போச்சு, சுண்டலுக்கு வச்சிருந்த கடலையும் போச்சுன்னு.”

“கடலை எப்படி இருந்துது?”

“நல்லா ஊறிப் பருத்துதான் கெடந்துது. அதுக்கு ஒரு கொறையும் இல்லை.”

சொல்லிவிட்டு அண்ணாச்சி அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு போய்க் கரையில் கிடந்த குளவியின் பலகை இடுக்கைத் தடவினார்.

“மேஸ்திரி. அப்ப இந்த இடுக்கு... இது ஓட்டை இல்லையா? பலகை ஊறிப் பருக்க விட்ட இடமா?”

செலஸ்தீன் ஒரு கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“வாங்க. முக்கணும்.”

“எதை?”

“குளவியை.”

“எவ்வளவு?”

“முழுசா.”

எஞ்சினைக் கழற்றிக் கொட்டகைக்குள் வைத்தார்கள். கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் ரெண்டு கம்பு நட்டு, குளவியை முன்னும் பின்னும் கட்டினார்கள். உள்ளே ஆறு மணல்மூட்டை. செலஸ்தீன் தண்ணீரில் நின்றாள். அண்ணாச்சி கரையில் நின்றார். கணுக்காலுக்கு மேல் அவர் தண்ணீரில் இறங்கினதே இல்லை.

“அடி ஓட்டையை அடைச்சிருக்க தக்கையை நீங்களே வந்து எடுங்க.”

“நானா? என்னால ஆகாது மேஸ்திரி.”

அவளே உருவினாள். ஊசி போடும்போது திரும்பிக்கொள்கிற ஆள் மாதிரி அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தபோது ஸ்டியரிங்கின் மேல்வளைவுமட்டும் தெரிந்தது.

புதன்கிழமை மதியம் செலஸ்தீன் சாப்பிட்டுவிட்டு வந்தாள். குளவி அரைவாசி வெளியே தெரிந்தது. கரையில், பூவரச மரத்துக்குப் பின்னால் ஒரு பம்புசெட்டு. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, இது சுடுதே.”

“வெயில்லா.”

“நெழல்லயா?”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

“மனசு கேக்கலை. மூழ்கிக் கெடக்கதை எப்படிப் பாத்துக்கிட்டு இருக்க?”

“பாக்காதிய. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க.”

“இறுகலைன்னா?”

“துரை கொண்டு போயிருவாரு.”

“எவ்வளவு லேசாச் சொல்லுத!”

“பதினாலு வருஷம் தேடுனது நீங்கல்லா. நானா தேடுனேன்?”

பம்பின் குழாயைப் பிடுங்கித் தோளில் சுற்றிக்கொண்டு போனாள். அவர் ஆளை இறக்கிப் போட வைத்திருந்த தக்கையையும் உருவிக்கொண்டு போனாள். குளவி மறுபடி உள்ளே போனது.

அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தார். அப்பப்போ கழுத்துமட்டும் இந்தப் பக்கம் வந்துபோனது.

வியாழக்கிழமை ஒரு கார் வந்து நின்றது. கைத்தடியோடு மாசிலாமணி துரை இறங்கினார். மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

அண்ணாச்சி ஓடிப்போய்க் கழி தெரியாதபடி முன்னால் நின்றார்.

“ஐயா, வாங்க. முதல்ல காப்பி சாப்பிட்டுட்டு வந்துருவோம்.”

“படகு எங்க?”

“அது... குளிச்சுக்கிட்டு இருக்கு ஐயா.”

துரை அவரைத் தடியால் மெல்ல ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். தண்ணீர். ரெண்டு கம்பு. நடுவில் ஸ்டியரிங்கின் வளைவு.

போச்சு, பதினாலு வருஷமும் போச்சு என்று அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

துரை செலஸ்தீனிடம்தான் கேட்டார்.

“எத்தனை நாளும்மா?”

“இன்னியோட மூணு. நடுவுல ஒருத்தர் கொஞ்சம் எறைச்சுட்டாரு.”

“எஞ்சின்?”

“கழட்டி உள்ள இருக்கு.”

துரை தடியை அண்ணாச்சி கையில் கொடுத்தார். செலஸ்தீன் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, கால்சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கினார். மூழ்கின படகுக்குள் காலை வைத்து, தடவித் தடவி ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தார். நெஞ்சுவரை தண்ணீர். ரெண்டு கையும் ஸ்டியரிங்கில்.

“தவசிக்கனி, வாப்பா.”

“எங்கய்யா?”

“பக்கத்துல. பின்னால பாத்து உக்காரு.”

ஆளை இழுத்துப்போகிற படகில் அதுதான் முறை. ஓட்டுகிறவர் முன்னால் பார்ப்பார். பக்கத்தில் ஒருவர் பின்னால் பார்த்து உட்காருவார். கயிற்றில் வருகிறவன் விழுந்தால் சொல்ல வேண்டும்.

“ஐயா, வேட்டி...”

“காயும் அண்ணாச்சி” என்றாள் செலஸ்தீன்.

அண்ணாச்சி இறங்கினார். முட்டு நனைந்தது. இடுப்பு நனைந்தது. நாலு தடவை வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டார். அவர் கும்பிடுவது முருகனை. ஒருவழியாக உட்கார்ந்தார்.

“ஐயாவுக்குக் கோவம் ஒண்ணும் இல்லையே?”

“எதுக்கு?”

“மூழ்கடிச்சிட்டோம்னு.”

“நாப்பத்தஞ்சு வருஷம் ஒரு சொட்டுத் தண்ணி காட்டாம வச்சிருந்தவன் நானு. எங்கிட்டக் கேக்குற, கோவமான்னு.”

பலகைகள் உள்ளுக்குள் எங்கோ முனகின.

“பின்னால பாக்குறியா?” என்றார் துரை.

“பாக்கேன் ஐயா.”

“யாரு வர்றா?”

“ஒரு கொக்கு நிக்குது.”

“விழுந்துருச்சா?”

“இல்லை.”

“அப்ப வேகத்தைக் கூட்டுறேன்” என்றார் துரை. வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். எண்பத்தாறு வயசு ஆள்! அண்ணாச்சி தண்ணீருக்குள் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சனிக்கிழமை செலஸ்தீன் தக்கையைப் போட்டு, மூட்டைகளைத் தூக்கி, வாளியால் இறைத்தாள். குளவி மேலே வந்தது. ஒரு மணி நேரம் பார்த்தார்கள். ரெண்டு மணி நேரம் பார்த்தார்கள். அடியில் ஒரு கையளவு ஈரம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை மறுபடி மாட்டினார்கள். துரை ஓட்டினார். கழியை மூன்று சுற்று. கரையில் நின்றவர்களுக்கு வயிற்றுக்குள் இரைந்தது சத்தம். கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

கம்போடு கட்டிவிட்டு இறங்கி, “உனக்குத்தான்” என்றார். காரில் ஏறினார். போய்விட்டார்.

கிட்டங்கி லாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. பின்னால் புது மெத்தை விரித்து, பூந்துவாலையோடு ரெண்டு ஆள்.

“அண்ணாச்சி, நல்லாத் துடைச்சுட்டு ஏத்திரலாமா?” என்று டிரைவர் கேட்டான்.

அண்ணாச்சி குளவியைப் பார்த்தார். அது சின்ன அலைக்கு ஆடிக்கொண்டிருந்தது. செலஸ்தீனைப் பார்த்தார். அவள் அடுத்த வேலைக்கு ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம். கிட்டங்கிக்குப் போயி மொதப் படகை ஏத்திட்டு வா.”

“கொண்டாந்து எங்க எறக்க அண்ணாச்சி?”

பதில் தண்ணீரிலிருந்து வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு ஆழத்தில், இன்னொரு கம்பு நட அவர் காலால் இடம் தடவிக்கொண்டிருந்தார்.

“இங்கதான்.”