நிலத்தைப் பார்த்த வீடு

அந்த மலைச்சரிவில் முதல் மண்வெட்டி போட்டவன் நஞ்சப்பன். அவனுக்கு முன்னால் அங்கே காட்டுப்பன்றிதான் குடியிருந்தது. முள்ளை எரித்து, கல்லைப் பெயர்த்து, வரப்பு கட்டி, பல வருஷப் பாட்டில் நிலம் ஒருவழியாக வசத்துக்கு வந்து, கேழ்வரகு கதிர் பிடிக்கிற நேரம். அப்போது பார்த்து அவன் பெண்சாதி பாவாயி, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. காலிக் குடத்தை வாசலில் கவிழ்த்து வைத்தாள். "போறேன்" என்றாள். போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. அதுதான் அவனைப் போட்டு அரித்தது.

ஆள் விட்டுக் கேட்டதற்கு, உடம்புக்கு முடியலை என்று மட்டும் பதில் வந்தது.

அடிவாரத்து மடத்தில் ஓர் அம்மா இருந்தாள். வயதில் நஞ்சப்பனுக்கு இளையவள்தான். ஆனாலும் அவளைத்தான் குருவாக நினைத்திருந்தான். அவளிடம் போய் உட்கார்ந்து, பட்ட பாடெல்லாம் கொட்டினான். கை காய்த்ததைக் காட்டினான். குதிரில் தானியத்துக்குப் பஞ்சமில்லை, கூரை ஒழுகவில்லை, கள்ளு சாராயம் தொட்டதில்லை என்றான்.

"இத்தனையும் யாருக்குங்கம்மா? அவங்களுக்குத்தானே? பின்னே ஏன் போனா?"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை ஓரமாக வைத்தாள்.

"உன் நிலத்தைப் பார்க்கணும். நட."

மேலே ஏறி வருவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நஞ்சப்பன் விடவில்லை. இந்தப் பாறையை உடைக்க ஒரு கோடை முழுக்க ஆச்சு, இந்த மரத்தோட வேரு என்னை அழ வெச்சிருச்சு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனான். உச்சி மேட்டில் வீடு. அம்மா அதன் நிழலில் உட்கார்ந்தாள்.

"வீட்டை ஏன் இங்கே கட்டினே?"

"இங்கிருந்து பார்த்தா வெள்ளாமை மொத்தமும் தெரியுமுங்க. பன்னி எந்தப் பக்கம் நுழைஞ்சாலும் படுத்த இடத்திலிருந்தே சத்தம் போட்டு விரட்டிரலாம்."

அம்மா தலையாட்டினாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

பானைக்குள் பார்த்தால் ஒரு பல்லி ஓடியது. பாவாயி போனதிலிருந்து அவன் வெள்ளாமைப் பக்கமாகவே இறங்கி, ஓடையில் வாய் வைத்துக் குடித்துவிட்டு வருகிறவன். வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போகிற பாதையில் இறங்கினான்.

ஓடை அடியில் இருக்கிறது. இறங்குவது சுலபம். ஏறும்போது குடம் தோளில் நிற்கவில்லை, இடுப்பில் வைக்கத் தெரியவில்லை. மூட்டை தூக்கிப் பழகிய ஆள்தான். மூட்டை தளும்பாது. கால் வழுக்கி, பாதித் தண்ணீர் முதுகில் கொட்டியது.

பாதி வழியில் இரண்டு கல் நட்டிருந்தது. ஒன்று இடுப்பு உயரம், குடத்தை இறக்கி வைக்கத் தோதாக. பக்கத்தில் இன்னொன்று, குட்டையாக. எட்டு வயசு மகள் கனகுவின் இடுப்பளவு. இரண்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தன. அந்தச் சரிவில் அவனுக்குத் தெரியாத கல் கிடையாது. இந்த இரண்டையும் இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

மேலே வந்து குடத்தைக் கொடுத்தான். அம்மா ஒரு மடக்குக் குடித்தாள். மிச்சத்தில் கால் கழுவினாள்.

"கஞ்சி காய்ச்சணுமே. இன்னொரு குடம் கொண்டா."

கொண்டுவந்தான். கஞ்சி காய்ச்சி, அவனுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும் சட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"சட்டி பானை எல்லாம் அப்படியே கிடக்கு. கழுவணும்."

நஞ்சப்பன் எழுந்திருக்கவில்லை. குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சின்னவன் பிறந்த வாரத்திலகூட பானை நிறைஞ்சுதான் இருந்துச்சு" என்றான்.

"பால்குடிப் பிள்ளை வீட்டில் தண்ணி இன்னும் கூட வேணும்" என்றாள் அம்மா. "துணி இருக்குல்ல."

அவன் கீழே பார்த்துக்கொண்டே இருந்தான். கேழ்வரகு காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. இங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். ஓடைக்குப் போகிற அந்தப் பாதை மட்டும் மேட்டுக்குப் பின்பக்கம் இறங்கியது.

"நான் போய்க் கூப்பிட்டா வருவாளுங்களா?"

"இந்த வீட்டுக்கா?"

அவன் மடியிலிருந்த குடத்தைக் கீழே இறக்கி வைத்தான்.

"ஓடைப் பக்கமா இறக்கிக் கட்டு. அப்புறம் போய்க் கூப்பிடு."

"அவ்வளவு தாழ இருந்தா வெள்ளாமை கண்ணுக்கே தெரியாதேம்மா. பன்னி வந்தா?"

அம்மா எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"நீ ஏறிப் போ."